பவுன் பெயரில் ஒரு செடி

பவுனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத நான் சரியான ஆள் இல்லை. பூனாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு, கட்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பழைய ஆட்களைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை கேட்டார்கள். கபடி ஆடியவரை ஒருவர் எடுத்துக்கொண்டார், யூனியன் நடத்தியவரை இன்னொருவர். பவுனை யாரும் தொடவில்லை. பன்னிரண்டு வருடம் அவள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதித் தருகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் துரைசாமி. தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து எரிந்துபோன ஃபேன்களுக்கும் மிக்ஸிகளுக்கும் செம்புக் கம்பியில் காயில் சுற்றித் தருவேன். 1994இல் குவார்ட்டர்ஸில் ஐந்தாம் நம்பர் கிடைத்து நானும் என் மனைவி பார்வதியும் குடிவந்தோம். மறுநாள் காலை, ஜன்னலோரம் வார்னிஷ் காய வைத்திருந்த ஒரு காயிலின் மேல், மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு போட்ட ஒரு பெண், கையில் ரப்பர் குழாயுடன் நின்றாள். மாடியின் பொது வராந்தா நெடுகச் சுவரோரம் தொட்டிகள். கீழே ஆள் இருப்பது தெரியாதா என்று கத்தினேன். நேற்று வரை இல்லையே என்றாள். மன்னிப்பு கேட்கிற வழக்கமே அவளிடம் கிடையாது. எங்கள் சண்டை அன்றைக்குத் தொடங்கியது.

என்னைவிட இரண்டே வயது பெரியவள். அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடமும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டாள். திட்டும்போதுகூடத் தம்பிதான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆரணிப் பக்கத்துக்காரி. பதினேழு வயதில் கலியன் என்பவரைக் கட்டிக்கொண்டு கட்கிக்கு வந்தாள். கலியன் தொழிற்சாலையில் கூலி வேலை. 1978இல் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். மூன்று வயதுப் பையன் பாஸ்கரோடு நின்றவளுக்கு வாரிசு வேலை கொடுத்தார்கள், தோட்டப் பிரிவில். குழி வெட்டுவது, தண்ணீர் விடுவது, ஆபீசர் பங்களாக்களில் களை எடுப்பது. மராத்தியில் அவள் திட்டினால் மராத்திக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள்.

தொழிற்சாலைக்குப் பெரிய மனிதர் யார் வந்தாலும் ஒரு மரம் நடுவார்கள். முதல் நாளே பவுன் குழி வெட்டி, எருப் போட்டு, செடியை நிற்க வைத்துவிடுவாள். மறுநாள் ரிப்பன் கட்டிய மண்வெட்டியால் அந்தப் பெரிய மனிதர் இரண்டு தள்ளு மண் தள்ளுவார், எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு அவர் பெயர் எழுதிய பலகை வரும். அதையும் பவுன்தான் நட வேண்டும். பாதி மரங்கள் பட்டுப்போயின. பலகைகளுக்கு மட்டும் வருடா வருடம் பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். மரமே இல்லாத இடத்தில் உட்கார்ந்து பிரிகேடியர் மனைவியின் பெயருக்கு அவள் வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவள் வாய் சும்மா இருக்கவில்லை. என்ன சொல்லிக்கொண்டு அடித்தாள் என்பதை மலரில் எழுத முடியாது.

அந்தத் தொட்டிகள் வந்த கதை இது. 1991இல் ஓர் ஆபீசருக்கு மாற்றல் வந்தது. அவர் மனைவி விட்டுவிட்டுப் போன இரண்டு செடிகளைக் குப்பையில் போடச் சொன்னார்கள். பவுன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டும் நம் ஊர்ச் செடி மாதிரியே இருக்காது. தண்டு கிடையாது. இலைகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நடுவில் ஒரு குவளை மாதிரி நிற்கும், அதில் தண்ணீர் தேங்கி நிற்கும். இலை ஓரமெல்லாம் முள். ஒன்றின் இலையில் குறுக்கே வெள்ளிப் பட்டைகள், அதற்குப் பட்டைக்காரி என்று பெயர் வைத்தாள். இன்னொன்று நெட்டையாக, இலையெல்லாம் புள்ளியாக இருக்கும், பூவைத் தொங்கவிட்டு ஒரே வாரத்தில் உதிர்த்துவிடும். அதற்கு அவசரக்காரன். பிளாக்கில் நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அன்னாசி என்றோம். கிண்டலாகச் சொன்னதுதான். உண்மையிலேயே அது அன்னாசியின் குடும்பம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு செடி ஒரு தடவைதான் பூக்கும். பூத்தபின் மெதுவாகச் சாகும். சாவதற்குள் அடியில் இரண்டு மூன்று குட்டி விடும். அப்படிக் குட்டியிலிருந்து குட்டியாக இரண்டு தொட்டி அறுபது தொட்டி ஆனது. ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கமாட்டாள். 1995இல் பார்வதி ஆசைப்பட்டு மேலே போய்க் கேட்டாள். உன் வீட்டில் துளசியே இரண்டு முறை செத்துவிட்டது, உனக்கு எதற்கு இது என்று பவுன் திருப்பி அனுப்பிவிட்டாள். பார்வதி வந்து அழுதாள். துளசி செத்தது உண்மைதான். அதற்காக இப்படியா பேசுவது?

அதற்குப் பிறகு நான் எழுத ஆரம்பித்தேன். குவார்ட்டர்ஸ் ஆபீஸுக்கு இங்கிலீஷில் புகார். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். பொது வராந்தாவை ஆக்கிரமிக்கிறாள், சுவரில் ஈரம் இறங்குகிறது, முள்ளால் குழந்தைகளுக்கு ஆபத்து. ஒரு தடவை அவள் நாலைந்து செடிகளைப் பாலிதீன் பையில் போட்டு, உள்ளே ஆளுக்கொரு கனிந்த வாழைப்பழம் வைத்து, வாயைக் கட்டி நிறுத்தினாள். செய்வினை என்று பிளாக்கே நடுங்கியது. நான் செய்வினையை நம்புகிறவன் இல்லை. இருந்தாலும் அதையும் எழுதினேன், பிளாக்கில் பீதி கிளப்புகிறாள் என்று. பத்து நாளில் பையைக் கழற்றினாள். இரண்டு மாதம் கழித்து நாலைந்தும் ஒரே சமயத்தில் பூத்தன. பழுக்கிற பழத்திலிருந்து வருகிற வாயு இந்தச் செடியைப் பூக்க வைக்குமாம். பங்களாவில் அந்த ஆபீசர் மனைவி ஆப்பிளை வைத்து அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறாள், இவள் வாழைப்பழத்தில் செய்தாள்.

ஒவ்வொரு புகாருக்கும் ஆபீஸிலிருந்து ஆள் வருவான். அவனை அவள் மராத்தியில் விரட்டுவாள். பிறகு படிக்கட்டில் இறங்கி என் வாசலில் வந்து நின்று, "இன்னா தம்பி, லெட்டர் போட்டியா?" என்பாள். ஆமாம் என்பேன். அரை மணி நேரம் சண்டை நடக்கும். நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. போட்ட லெட்டரைப் போட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் தைரியம் எனக்கு இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1998 மழைக்காலத்தில் பட்டைக்காரியும் அவசரக்காரனும் ஒரே வாரத்தில் பூத்தன. பூசணிக் கொடியில் ஆண்பூவை ஒடித்துப் பெண்பூவில் தேய்ப்பது எல்லோரும் செய்வதுதான். பவுன் அதையே இங்கே செய்து பார்த்தாள். துடைப்பக் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, அவசரக்காரனின் மகரந்தத்தைத் தொட்டு, பட்டைக்காரியின் ஊதாப் பூக்களில் தடவி, அந்தப் பூக்களுக்கு அடையாளமாக நூல் கட்டினாள். காய் பிடித்தது. பிசுபிசுவென்று ஒட்டிய விதைகளை அலசி, மிட்டாய் டப்பாவில் கரித்தூள் போட்டு ஈரம் பண்ணி விதைத்து, மேலே கண்ணாடித் துண்டு மூடினாள். நாற்பத்து மூன்று முளைத்தன. பூனாவின் மே மாத வெயில் ஒவ்வொன்றாகத் தின்றது. மூன்றாம் வருடம் ஒன்றே ஒன்று நின்றது. அம்மாவின் பட்டையும் அப்பாவின் புள்ளியுமாக, இரண்டும் இல்லாத ஒரு செடி. அதற்கு மட்டும் அவள் பெயர் வைக்கவில்லை.

2002இல் நகரத்துப் பூக்கண்காட்சிக்குத் தொழிற்சாலை தன் ரோஜாத் தொட்டிகளை அனுப்பியது. தூக்கி வைக்கப் போனவள் பவுன். அங்கே கீர்த்தி என்ற தாவரவியல் பேராசிரியையைப் பிடித்து மராத்தியில் இதைச் சொல்லியிருக்கிறாள். அந்தம்மாள் நம்பாமல்தான் வந்தார். வராந்தாவில் அரை மணி நேரம் குனிந்து நின்று பார்த்தார். அன்றைக்குத்தான் அன்னாசிக் குடும்பம் என்று சொன்னார். இந்தக் குடும்பத்தில் மூவாயிரம் வகைக்கு மேல் இருக்கிறதாம். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒரே ஒரு வகை, மற்றதெல்லாம் அமெரிக்காக் கண்டத்தில். பெரும்பாலும் மரத்தின்மேல் தொற்றி வாழ்கிறவை, ஆனால் மரத்திடமிருந்து ஒன்றும் எடுப்பதில்லை. வேர் பிடித்துக்கொள்ள மட்டும்தான். இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன, தண்ணீரும் சத்தும் அந்தச் செதில் வழியாகத்தான் உள்ளே போகும். குவளையில் என்ன இருக்கிறதோ அதை இலை குடிக்கும். நான் கீழே நின்று ஃபேனைத் துடைப்பதுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் ஒரு சங்கம் இந்த மாதிரிக் கலப்புச் செடிகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது, பூத்த படத்தை அனுப்பினால் வளர்த்தவர் சொல்கிற பெயரைப் பதிந்துகொள்வார்கள், உலகம் முழுக்க அந்தச் செடிக்கு அதுதான் பெயர் என்றார் கீர்த்தி. பூக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. பூ வந்தால்தான் இது உண்மையான கலப்பா என்றே தெரியும். என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டார். பவுன் மராத்தியில் பதில் சொல்லிவிட்டு, வேடிக்கை பார்த்த எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள்.

"என் பேருதான். குழி வெட்டுனது நானு."

பிளாக்கே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நாலு வருடம் அவள் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை குவளைக்குள் எட்டிப் பார்ப்பாள், வந்ததும் ஒரு தடவை.

2004இல் என் லெட்டர் ஒன்று வேலை செய்தது. மாடி வராந்தாவில் குழாய் வைத்துத் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது. அவள் தினமும் குழாயால் ஒவ்வொரு குவளையிலும் தண்ணீரைப் பாய்ச்சியது எதற்காக என்று நான் யோசித்ததில்லை. தேங்கிய தண்ணீரில் கொசு முட்டை வைக்கும், அதை அடித்து வெளியேற்றத்தான். உத்தரவு வந்தபின் அவள் அறுபது தொட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வாளியில் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஐம்பத்தெட்டு வயதில், வாரம் இரண்டு முறை. முட்டி வலிக்கிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்து என்னைச் சபிப்பாள். எனக்கு அதில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

2006 ஜூலையில் ஓய்வு பெற்றாள். நவம்பர் முப்பதுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பாஸ்கர் ஊருக்கு வெளியே ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு, அங்கேயே ஒற்றை அறை வீட்டில் இருந்தான். வெயில் எட்டிப் பார்க்காத அறை. செடி ஒன்றுகூட வரக் கூடாது என்று மருமகள் சொல்லிவிட்டாள். மற்றதை எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அந்த ஒன்று மட்டும் நவம்பருக்குள் பூத்துவிட்டால் போதும் என்று பவுன் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூத்துப் பெயர் பதிந்துவிட்டால் கீர்த்தி அதைத் தன் கல்லூரித் தோட்டத்தில் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பெயர்ப் பலகையோடு. ஆகஸ்டில் அந்தச் செடியையும் வாழைப்பழத்தோடு பையில் கட்டினாள். இனி இரண்டரை மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்த வருடம்தான் சிக்குன்குனியா வந்தது. செப்டம்பரில் பார்வதி படுத்தாள். காய்ச்சல் நாலு நாளில் போனது, மூட்டு வலி போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போவாள். சப்பாத்தி உருட்ட முடியாது, தலை பின்ன முடியாது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தலைக்குமேல் கோபம். மேலே அறுபது குவளை நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறவள் இருக்கும்போது வேறு யாரைச் சொல்வது? பிளாக்கில் எட்டுப் பேருக்குக் காய்ச்சல். எட்டு வீடும் என் பக்கம் நின்றது. அவளோடு தண்ணீர்க் குழாயடியில் யாரும் பேசவில்லை. ஒருத்தி பவுனின் குடத்தைத் தள்ளி வைத்தாள். பவுனும் சளைக்காமல் அந்த ஒருத்தியின் குடத்தை உதைத்துவிட்டு வந்தாள்.

நான் எழுதிப்போட்டுச் சுகாதார இன்ஸ்பெக்டரை வரவழைத்தேன். டார்ச்சும் பிளாஸ்டிக் சொட்டுக்குழாயும் கொண்டுவந்து அறுபது குவளையிலும் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். ஒரு புழுகூட இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்திருந்தது, அதில் நெளிந்தது. மூடி போடச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒப்பவில்லை. அவர் டார்ச்சில் பேட்டரியே சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பார்வதியின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மொட்டைமாடித் தொட்டியின்மேல் கோபப்பட முடியாது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டில் குடிதண்ணீரைச் செம்புக் குடத்தில் பிடித்து வைப்போம். செம்பில் வைத்த தண்ணீரில் புழு வைக்காது என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். என்னிடம் செம்புக் கம்பிக்குப் பஞ்சமில்லை. எரிந்த காயிலிலிருந்து பிரித்த பழைய கம்பி டப்பா டப்பாவாகக் கிடந்தது. அதை விரல் நீளத்துக்கு நறுக்கினேன். கருகிய வார்னிஷ் போகட்டும் என்று எமரி என்னும் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். நூற்றிருபது துண்டு. அக்டோபர் முதல் வாரம் பவுன் இரண்டு நாள் பாஸ்கர் வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டப்பகலில், எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் மாடி ஏறினேன். அவள் கவிழ்க்கும்போது விழாதபடி நடு இலைகளின் இடுக்கில் செருகி, குவளைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டே போனேன்.

கடைசியில் அந்தச் செடி. பை கழற்றியிருந்தது. அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். இதுதான் அது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை விட்டுவிட்டால் கொசு எல்லாம் இதில்தானே சேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதிலும் இரண்டு போட்டேன்.

செடியைக் கொல்ல நான் போகவில்லை. நம்பினால் நம்புங்கள். செம்பு அந்தச் செடிக்கு விஷம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்கமாட்டாயா என்று கேட்டால், அன்றைக்கு இருந்த வெறியில் தெரிந்தும் போட்டிருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் கடைசியில் அந்தச் செடியின் குவளைக்குள் சிவப்பாக ஒரு நுனி தெரிந்தது. பவுன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, எதிரில் வந்த என்னையே மறித்துச் சொன்னாள். மூன்று வாரமாக என்னோடு பேசாதவள். சந்தோஷத்தில் யாரிடம் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கீர்த்திக்குப் போன் போட்டாள். நவம்பர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருவதாக அவர் சொன்னார்.

ஒரு வாரத்தில் சிவப்பு நுனி பழுப்பானது. மற்ற தொட்டிகளிலும் நடு இலைகள் நிறம் மாறின. காய்ச்சல் பரவியதும் பிளாக்கில் கொசுவுக்குப் புகை அடித்திருந்தார்கள், அந்த மருந்துதான் என்று பவுன் நினைத்தாள். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். வலுவில்லாத செடியைக் கவிழ்த்தால் பூ ஒடிந்துவிடும் என்று பயந்து தண்ணீரை மாற்றுவதையும் நிறுத்தினாள். என் செம்பு இன்னும் வசதியாக ஊறியது.

பன்னிரண்டாம் தேதி கீர்த்தி வந்தார். கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. அந்தச் செடியின் நடு இலையைப் பிடித்து லேசாக இழுத்தார். மொத்தமாகக் கையோடு வந்தது, அடி அழுகிக் கூழாகி நாறியது. மொட்டும் அதோடு வந்தது. தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றினார். இரண்டு கம்பித் துண்டுகள் விழுந்தன, பச்சை பூத்துப்போய். பக்கத்துத் தொட்டியிலும் அழுகிய நடுவைப் பிடுங்கிவிட்டுச் சாய்த்தார், இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு. செம்பைவிட இந்தச் செடிக்குப் பெரிய விஷம் கிடையாது, இலை குடித்துவிடும், யார் இதைப் போட்டது என்று கேட்டார். அந்தச் செடி முதல் பூவுக்கே வராதது, அதற்குக் குட்டியும் கிடையாது. பட்டைக்காரியும் அவசரக்காரனும் அழுகிவிட்டன. திரும்பக் கலப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை.

பிளாக் முழுக்க வராந்தாவில் கூடியிருந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் என்னைப் பார்த்தார்கள். கட்கியில் செம்புக் கம்பி யார் வீட்டில் இருக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பவுனும் அந்தப் பார்வைகளைக் கவனித்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவன இன்னாத்துக்குப் பாக்கறீங்க? பன்னெண்டு வருசமா எனக்கு எதிரா லெட்டர் போடறான். ஒண்ணுகூடப் போடலன்னு சொன்னதில்ல. எதுனாலும் மூஞ்சிக்கு நேரா செய்வான். இது வேற எவனோ."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தைந்து வருட சர்வீஸில் எனக்கு யாரும் அப்படி ஒரு சர்ட்டிஃபிகேட் கொடுத்ததில்லை, அதுவும் நாலு பேருக்கு முன்னால். மெதுவாகக் கூட்டம் கலைந்தது. சின்னப் பையன்கள் விளையாட்டுக்குப் போட்டிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், இருக்கும் என்று நானும் சொன்னேன். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

மூன்று நாள் வேலைவிட்டு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பார்வதிக்கு விஷயம் தெரியாது, என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு எனக்கும் காய்ச்சலோ என்று பயந்தாள். புதன்கிழமை வேலை முடிந்து நேராக மாடி ஏறினேன். பவுன் வாசலில் உட்கார்ந்து அழுகிய செடிகளைக் கோணிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தாள். கைகளெல்லாம் முள் கீறல். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கம்பி, எப்படி நறுக்கினேன், எமரித் தாளில் தேய்த்தது, இரண்டிரண்டாகப் போட்டது. கொசுவுக்காகத்தான் போட்டேன் என்றேன். அந்தச் செடியில் போடும்போது அது எந்தச் செடி என்று தெரிந்தே போட்டேன் என்பதையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் களைக்கொத்து கிடந்தது.

அவள் கையிலிருந்த செடியைச் சாக்கில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் போட்டுவிட்டுத்தான் பேசினாள். குரல் ஏறவே இல்லை.

"ஒன்ன சண்டக்காரன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சண்டக்காரன்னா ஒரு மரியாத உண்டு. அத்தினி பேரு முன்னால அத்தக் குடுத்தேன். நீயும் வாங்கிக்கினு போனியே."

பிறகு சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிளாக்கில் இன்றுவரை அது சின்னப் பையன்கள் செய்த வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலரைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள். கீர்த்தி மேடத்துக்கு மட்டும் நான் ஒரு லெட்டர் போட்டேன், என் பெயரில், நடந்தது நடந்தபடி. பதில் வரவில்லை. நியாயம்தான்.

நவம்பர் முப்பதாம் தேதி காலை பாஸ்கர் வண்டி கொண்டுவந்தான். சரியாக என் வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தினான். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மெத்தை, பாத்திர மூட்டை. தொட்டி ஒன்றுகூட இல்லை. பவுன் இறங்கி வந்தாள், காக்கிக் கோட்டு இல்லாமல். நான் வேண்டுமென்றே வெளியே வந்து, மனுஷன் போகவர வழி வேண்டாமா, அறிவு இருக்கிறதா என்று சத்தம் போட்டேன். முன்பென்றால் அரை மணி நேரத்துக்குத் தாங்கும் வார்த்தை. அவள் ஒரே ஒரு தடவை தம்பி என்று சொல்லித் திட்டினால் போதும் என்று இருந்தது எனக்கு.

அவள் பாஸ்கரிடம் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. அவன் தள்ளி நிறுத்தினான், அவள் ஏறிக்கொண்டாள், போய்விட்டார்கள்.